ஆசிரியர் பிரதி

கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
கோழி லாரிகளின் சக்கரத்துக்கு
மருந்தடிக்கிற வேலை எனக்கு.
கூரியர்காரன் வந்து
"இங்க மருதயாழன் யாருங்க?" என்றான்.
ஷிப்டில் ஐந்து பேர் இருந்தோம்.
நான்கு பேர் சிரித்தார்கள்.

அடையாள அட்டை கேட்டான்.
அட்டையில் இருப்பவன் செ. குப்புராஜ்.
தெரிந்த ஆள்தான், கொடுத்துவிடுகிறேன் என்று
கையெழுத்திட்டு
எனக்கு நானே ஜாமீன் நின்றேன்.

பதினெட்டுக் கதைகள். பழுப்பு அட்டை.
என்னுடையது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
அச்சு மை வாசனைக்குள்
பினாயில் வாசனை அதற்குள் ஏறிவிட்டது.

முதல் தொகுப்பில் வந்தது
வசுமதியைப் பற்றிய கதை.
உடுமலையிலிருந்து போன் செய்தாள்.
"மத்ததெல்லாம் சரி.
எனக்கு எப்போ மூக்குத்தி இருந்துச்சு?"
பிரிந்து ஆறு வருஷம் ஆகியும்
அவள் சிரித்தால்
என் காது மடல் சூடாகிறது.
அதையும் எழுதினேன்.
இரண்டாம் தொகுப்புக்காரர் திருப்பி அனுப்பினார்:
ஆணை விரும்புகிறவன்
அவளையும் மறக்காமலிருப்பது
தொகுப்பின் பொருளுக்குள் அடங்கவில்லையாம்.

மூன்றாமவர் நல்லவர்.
எல்லையில்தானே இருக்கிறீர்கள்,
அந்த உவமையை வையுங்களேன் என்றார்.
ஐயா, இங்கே எல்லை என்றால்
டீசல் விலை, கள்ளுக்கடை, லாட்டரிச் சீட்டு.
நான் இரண்டு மாநிலம் இல்லை.
ஒரே ஆள். பசி மட்டும் கொஞ்சம் அதிகம்.

வேர்வை என்ற சொல்
பதினோரு இடத்தில் வருகிறது,
நான்காகக் குறைக்கலாம் என்றும் எழுதியிருந்தார்.
ஏழை விட்டுக்கொடுத்தேன்.
பிடரியிலிருந்து முதுகுப் பள்ளத்தில்
இறங்குகிற அந்த ஒன்றை
கேட்டும் தரவில்லை.

பிரசோபன் கொல்லங்கோட்டுக்காரன்.
தமிழில் சண்டை போடுவான்,
தமிழில் முனகுவான்,
வாசிக்க மட்டும் வராது.
அன்று காலி வண்டியோடு வந்தவன்
புளியமரத்தடியில் ஓரங்கட்டி
கண்ணாடியை ஏற்றிவிட்டு
"உறக்க வாயி" என்றான்.

வாசித்தேன்.
'அவன் சட்டைப் பொத்தான்களை
நான் கழற்றவில்லை, எண்ணினேன்.
நான்காவதில் கணக்குத் தப்பியது.'
வாக்கியம் இடுப்புக்கு வந்ததும்
என் குரல் உடைந்தது.
எழுதும்போது கைக்கு வராத வெட்கம்
நாக்குக்கு வந்துவிட்டது.
அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
ஓடாத வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

'வலது முழங்காலின் தழும்பில்
உதடு வைத்தபோது' என்ற இடத்தில்
நிறுத்தினான்.
"வலது இல்லடா. இடது."
லுங்கியை வழித்துக் காட்டினான்,
நான் பார்க்காததுபோல.

தெரியும் பிரசோபா.
உன்னை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று
மாற்றினேன்.

பின் கூண்டில் ஓர் இறகு
கம்பியில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.
வெகுநேரம் அதையே பார்த்தான்.
"கண்டுபிடிக்கட்டும்னு
நான் நெனச்சிருந்தா?"

அதற்குப் பதில் என் கதையில் இல்லை.

பிறகு உள்ளடக்கப் பக்கத்தை விரித்து
பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னான்.
எல்லாம் புனைபெயர்கள்.
பூவும் யாழும் நதியும் நிலவுமாக
பதினெட்டுப் பேர்.
"பாக்கி பதினேழு பேரும்
எந்தக் கால மாத்தி எழுதினாங்களோ"
என்றான்.

வலது என்ற சொல் எங்கே என்று கேட்டான்.
விரல் வைத்துக் காட்டினேன்.
டிரிப் ஷீட்டின் பேனாவால் அதை அடித்து
மேலே மலையாளத்தில் ஏதோ எழுதினான்.
அந்த எழுத்து எனக்கு வாசிக்க வராது.
இடது என்றுதான் இருக்கும்.
வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
இறங்கிப் போய் குழாயை எடுத்தேன்.
புத்தகம் அவன் சீட்டிலேயே கிடந்தது.
முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டெப்னி,
எல்லாவற்றுக்கும் மருந்தடித்தேன்,
காலி வண்டிக்கு
அவ்வளவு தேவையில்லை என்றாலும்.